ஆஸ்பத்திரியில் மிச்சம் பிடிக்கிற காசு யாருடைய காசு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையோடு மழையாக மேற்கணக்கிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் நடந்து வந்திருக்கிறீர்கள். இருட்டுவதற்கு முன்னால் திரும்பிப் போக வேண்டும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நம்முடைய பிரதேச வைத்தியசாலையில் வாட்டை மூடிவிட்டு, பகலில் மருந்து கொடுக்கிற இடமாக மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு மூன்று மாதமாக அடிபடுகிறது. கடிதம் ஏதும் வந்ததா என்று பலர் கேட்டீர்கள். வரவில்லை. வரப்போவதும் இல்லை என்றுதான் நினைக்கிறோம். இந்த மாதிரி இடங்களை யாரும் கடிதம் போட்டு மூடுவதில்லை.

எப்படி மூடுகிறார்கள் என்றால், முதலில் ஒருவர் ஓய்வுபெற்றுப் போவார். அந்த இடத்துக்கு ஆள் வராது. பிறகு இன்னொருவர் மாற்றலாகிப் போவார். அவருக்குப் பதிலாகவும் ஆள் வராது. மிஞ்சியிருப்பவர்கள் இரவு வேலையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போது மேலதிக நேரக் கொடுப்பனவு கூடிவிட்டது, குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து வரும். அதைக் குறைத்தால் இரவில் வாட்டில் நிற்க ஆள் இல்லை. ஆள் இல்லாத வாட்டில் நோயாளியை எப்படி நிறுத்திவைப்பது? பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு தடவை அப்படி அலைந்தவர் மூன்றாம் தடவை இங்கே வரவே மாட்டார், நேரே டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார். வருஷ முடிவில் கணக்கெடுத்துப் பார்த்தால் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்திருக்கும். அடுத்த வருஷத்துக்கு மருந்து கேட்கும்போது போன வருஷம் எவ்வளவு செலவானது என்றுதான் பார்ப்பார்கள், ஆகவே மருந்தும் குறையும். மருந்தும் ஆளும் இல்லாத இடத்துக்கு எந்த டொக்டர் விரும்பி வருவார்? கடைசியில் ஓர் அறிக்கை எழுதுவார்கள்: "பொதுமக்களின் பாவனை குறைவு." ஆள் எடுத்ததால் பாவனை குறைந்ததா, பாவனை குறைந்ததால் ஆள் எடுத்தார்களா என்று அந்த அறிக்கையில் இருக்காது.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆள் வராவிட்டால், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். பிறகு, பிள்ளைகள் போதாது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்ப்போமா என்று கேட்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் என்பது அவர்களுடைய வரைபடத்தில் பக்கம். நம்முடைய பிள்ளைகளுக்கு அது ஒரு மலை ஏறி இறங்குகிற தூரம்.

ஆட்கள் ஏன் இவ்வளவு வேகமாகக் குறைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதே வருஷம் ஜூன் மாதம், அரசாங்க உத்தியோகத்தர்கள் ஐந்து வருஷம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பிறகு ஓய்வுபெறும் வயதை 65இலிருந்து 60ஆகக் குறைத்தார்கள். 60 தாண்டிய அரசாங்க ஊழியர்களில் பெரும்பாலோர் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கடனோடு, அரசாங்கம் தன் செலவையும் வரவையும் சரிக்கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனதும் அந்தக் காலத்தில்தான். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் போனால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். நம்முடைய மாதிரி இடத்தில் இரண்டு பேர் போனால் ஒரு சேவையே நின்றுவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைக்கிறோம் என்று சொன்னாலும் அடி ஒரே அளவாக விழுவதில்லை.

நம் ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் அட்டெண்டனாக இருந்தவரை எல்லோருக்கும் தெரியும். நம்முடைய லயத்துப் பிள்ளை. அவர் அந்த டிசம்பரில் ஓய்வுபெற்றார். பட்டியலில் பார்த்தால் அவர் ஒரு சிற்றூழியர், கீழ்மட்டச் சம்பளம், ஒரு வெற்றிடம், அவ்வளவுதான். ஆனால் டொக்டருக்கும் நமக்கும் நடுவில் நின்று பேசியவர் அவர். "நெஞ்சு அடைக்குது", "கை கால் விறுவிறுன்னு இழுக்குது", "மூணு நாளா சோறு இறங்கல" என்று நம் அம்மாமார் சொன்னதை அவர்தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். டொக்டர் சொன்னதைத் திருப்பித் தமிழில் சொன்னதும் அவர்தான்: எந்தக் குளிசை காலையில், எது சாப்பாட்டுக்குப் பிறகு, எது இரண்டு நாள் விட்டு என்று. இப்போது கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து, "டீச்சர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஆனால் டொக்டர் அவசரத்தில் எழுதிய மருந்தின் பெயரைப் பார்த்து, ஒரு சீனி வருத்தக்கார அம்மாவுக்கு இத்தனை குளிசை போடுங்கள் என்று சொல்ல எங்களுக்குத் துணிச்சல் இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் எழுதியிருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில் நடைமுறைப்படுத்தியது அந்த ஒரு மனிதர்தான்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். நாங்கள் படிப்பிக்கிறவர்கள், கணக்குப் போடாமல் விட மாட்டோம்.

பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் என்று மாதம் ஒரு தடவை கிளினிக் போகிறவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்? 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பலர் வேலையிலிருந்து நின்ற வயதானவர்கள். அவர்களுக்குப் பேர் நட்டமில்லை என்றே எடுப்போம். ஆனால் டவுன் ஆஸ்பத்திரிக்கு அவர்களைத் தனியாக அனுப்ப முடியாது. மகளோ மருமகளோ கூடப் போக வேண்டும். விடியற்காலை பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாயும், அன்றைய பேர் போய்விட்டது. 2024இல் தீர்மானித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையே வைத்துப் பார்த்தால், 40 பேருக்கு 54,000 ரூபா. வருஷத்துக்குப் பன்னிரண்டு கிளினிக். ஆறு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபா. பஸ் காசு, ஆட்டோக் காசு, வழியில் ஒரு பிளேன் டீ, ஒரு பணிஸ், எதையும் நாங்கள் சேர்க்கவில்லை. பேர் போனால் அதோடு சேமலாப நிதியும் போகும். நிர்வாகம் போட வேண்டிய 12 வீதம் 162 ரூபா, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 40 ரூபா 50 சதம். அது பின்னாளில் கைக்கு வர வேண்டிய காசு.

இந்த ஆறரை லட்சம் எந்தக் கொப்பியிலும் எழுதப்படாது. திறைசேரிக் கணக்கில் ஆஸ்பத்திரிச் செலவு குறைந்திருக்கும், யாரோ ஒருவர் அதைக் காட்டிப் பாராட்டும் வாங்குவார். செலவு குறையவில்லை, தோழர்களே. அரசாங்கத்தின் கொப்பியிலிருந்து நம்முடைய சம்பளத் துண்டுக்கு இடம் மாறியிருக்கிறது. நாட்டிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர்களில் நாம் இருக்கிறோம், நம்முடைய மடியிலிருந்து எடுத்து மிச்சம் காட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னது காசு. இனிச் சொல்வது உயிர்.

குளவிக் கொட்டு பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கூடு கலைந்தால் ஓட இடமில்லை. கூடையைப் போட்டுவிட்டு, தலையை மூடிக்கொண்டு விழுந்தடித்து ஓட வேண்டியதுதான். சிலருக்கு ஒரு கொட்டே போதும், உடம்பெல்லாம் தடித்து, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அப்போது அட்ரினலின் ஊசி நிமிஷக் கணக்கில் போட வேண்டும். போட்டு மூச்சு வந்தவுடன் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, சில மணித்தியாலம் கழித்து அதே கோளாறு திரும்பி வரலாம். நிறையக் கொட்டு வாங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கும், அதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம்தான் வாட்டு. கட்டில், பக்கத்தில் ஒரு நர்ஸ், கூப்பிட்டால் வருகிற டொக்டர். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம்.

கட்டில் பாதி நாள் வெறுமையாகத்தானே கிடக்கிறது என்று கேட்பார்கள். நம்முடைய தேயிலைத் தொழிற்சாலையில் சுவரோரமாகச் சிவப்பு வாளிகள் தொங்குகின்றன, மணல் நிரப்பி. எத்தனை வருஷமாகத் தொங்குகின்றன? எத்தனை தடவை எடுத்தார்கள்? பாவனை குறைவு என்று எந்தத் துரையாவது அந்த வாளியைக் கழற்றச் சொன்னாரா? தொழிற்சாலை எரிந்தால் நட்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறதே என்பார்கள். நல்ல சேவை, இலவசச் சேவை, அதைக் குறை சொல்ல மாட்டோம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நம் பக்கமும் வந்தது. ஆனால் அம்புலன்ஸ் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. பக்கத்து ஆஸ்பத்திரி ஆளெடுக்காவிட்டால் அதே வண்டி டவுன் வரைக்கும் போய் வர வேண்டும். அது போய்த் திரும்புகிற அந்த நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் யாராவது விழுந்தால்? வாட்டை மூடினால் அம்புலன்ஸும் பாதி மூடின மாதிரிதான். டிவிசன் ரோட்டின் நிலை வேறு. சிக்னல் பிடிக்கக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டிய லயங்களும் இருக்கின்றன.

எல்லாம் இங்கேயே வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பிரசவத்துக்கும் ஒப்பரேஷனுக்கும் பெரியாஸ்பத்திரிதான் பாதுகாப்பு. விசேட வைத்தியர், இரத்த வங்கி, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது நியாயம். வீண் செலவு இருந்தால் குறைக்கட்டும், எத்தனையோ வழி இருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு மனிதரை டவுனுக்கு அனுப்பாமல் இங்கே இரத்தம் எடுத்துப் போத்தலை அனுப்பலாம். 2020 ஊரடங்குக் காலத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள், நினைவிருக்கிறதா? அதை மறுபடி செய்யலாம். நம் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாததும், தபால் எல்லாம் தோட்டத்து ஒப்பீசில் போய்த் தங்குவதும் வேறு பிரச்சினை. அதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும்.

தோட்டத்து மக்களின் வைத்தியச் செலவு யார் தலையில் என்பது புதிய சண்டையும் இல்லை. 1872இலேயே வெள்ளைக்காரன் தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி செய்ய ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தான், தோட்டத்துரைமார் அதன் செலவைப் பற்றி முறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 1912இல் இன்னொரு சட்டம். 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பிறகு சில தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது, பல இடங்களில் பழைய டிஸ்பென்சரி மட்டும் மிஞ்சியது. டிஸ்பென்சரி ஐயா ஓய்வுபெற்றால் அங்கேயும் அதே கதைதான். கேட்டால் தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் தோட்டத்தைக் காட்டும். நம் கையில் மிஞ்சியிருக்கிற உறுதியான இடம் இந்தப் பிரதேச வைத்தியசாலை ஒன்றுதான்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். நர்ஸ் மிஸ்ஸை ஏசுவதை நிறுத்த வேண்டும். போன மாதம் இரவில் கதவைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பகலும் நின்று இரவும் நின்றவர். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், அவருடைய ஓவர்டைமையும் வெட்டியிருக்கிறார்கள். நம்முடைய சத்தத்தைக் கேட்டு அவரும் மாற்றல் கேட்டால் நஷ்டம் யாருக்கு? அவர்களுடைய சங்கத்தோடு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை இரவு ஒரே ஆள் நின்றார் என்ற விவரம் அவர்களிடம் இருக்கிறது, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற விவரம் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த "பாவனை குறைவு" அறிக்கை நிற்காது.

யாரிடம் கேட்பது? பிரதேச வைத்தியசாலை மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. ஆகவே முதலில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம். பதவி எத்தனை என்று ஒப்புதல் கொடுப்பது கொழும்பில் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். மாகாண சபையில் ஓர் உறுப்பினர் எழும்பிக் கேள்வி கேட்டிருக்கலாம், ஆனால் மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். கேட்க வேண்டிய கதிரைகள் காலியாக இருப்பதால் நாமே கேட்போம்.

அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜை யாராக இருந்தாலும், தமிழிலேயே, காரணம் சொல்லாமல் கேட்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும், அது அவருடைய கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு.

நாம் கேட்கப் போவது இவைதான். இந்த வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி ஒவ்வொரு பதவியிலும் எத்தனை? இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒவ்வொரு வெற்றிடமும் எந்தத் திகதியிலிருந்து? வாட்டைப் பற்றி எழுத்தில் ஏதாவது தீர்மானம் இருக்கிறதா? ஐந்து வருஷமாக வாட்டில் சேர்த்தவர்கள் எத்தனை பேர், ஆள் இல்லாததால் சேர்க்காத நாட்கள் எத்தனை? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எழுதித் தந்தாலும் நமக்கு நல்லதுதான். அவர்கள் எண்ணாததை நாம் எண்ணி வைத்திருப்போம்.

எண்ணுவதற்குத்தான் இந்தக் கொப்பிகள். தோட்டத்துக்கு ஒன்று, மாதர் சங்கத் தலைவியின் கையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெயர் வேண்டாம், வருத்தம் என்ன என்பதும் வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். திகதி, போன நேரம், வாட்டில் எடுத்தார்களா, டவுனுக்கு அனுப்பினார்களா, வண்டிக்கு எவ்வளவு செலவு, எத்தனை பேர் நட்டம். இவ்வளவும் ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதச் சிரமமென்றால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறோம். இன்னொன்று: சின்ன வருத்தத்துக்கு நேரே டவுனுக்குப் போகாதீர்கள். முதலில் இங்கே வந்து பதிவேட்டில் பெயரைப் போடச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினாலும் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

தகவல் விண்ணப்பத்தை வருகிற செவ்வாய்க்கிழமை பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகத்தில் நேரில் கொடுக்கிறோம். ஒவ்வொரு கணக்கிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண் தொழிலாளியாக இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். வருகிறவர்களின் அன்றைய பேரைச் சங்கம் பொறுப்பெடுக்கும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வர மாட்டோம். வான் காலை ஐந்தரைக்குக் கோயில் சந்தியிலிருந்து கிளம்பும். கொப்பிகளை வாசலில் வைத்திருக்கிறோம், போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.